கர்ணனுக்கு இனாமாகக் கிடைத்தது

கவசம் என்றால் நம்மவர்களுக்கு மூன்று சமாசாரம்தான் ஞாபகம் வரும். முதலாவது கர்ணன். பிறக்கும்போதே உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. செய்கூலி, சேதாரம் எதுவும் கிடையாது. இரண்டாவது, விசேஷ நாட்களில் கோயிலில் சாத்துகிற வெள்ளிக் கவசம். மூன்றாவது, விடியற்காலையில் யார் வீட்டு ஸ்பீக்கரிலிருந்தாவது சூலமங்கலம் சகோதரிகள் குரலில் மிதந்து வரும் கந்த சஷ்டி கவசம். "கவசத்துக்காக ராத்திரி பூரா முழிச்சிருந்தேம்மா" என்று 2020-இல் ஒருநாள் நான் சொன்னபோது, அம்மா மூன்றாவதை நினைத்துக்கொண்டு நெகிழ்ந்து போய்விட்டாள். பையனுக்கு பக்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லியும் விட்டாள்.

நான் சொன்னது நாலாவது ரகம். கம்ப்யூட்டர் கவசம்.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஒரு விளையாட்டு. 2004 நவம்பரில் பிளிஸார்டு கம்பெனி வெளியிட்டது. தேசதேசமாக உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆசாமிகள் ஒரே மாய உலகத்தில் ஒரே நேரத்தில் உலாவலாம். வீரன், மந்திரவாதி, வைத்தியர், வேடன், திருடன் என்று ஏதாவது ஒரு வேஷம் கட்டிக்கொள்ள வேண்டும். மிருகங்களையும் பூதங்களையும் அடித்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பல வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், அந்தப் பழைய விளையாட்டையே தூசி தட்டி 'கிளாஸிக்' என்று மறுபடி விட்டார்கள். எம்.ஜி.ஆர். படத்தை மறுபடி தியேட்டரில் போடுகிற மாதிரி. சந்தா மாதம் 15 டாலர். அன்றைய ரேட்டில் 1,100 ரூபாய்க்கு மேல். வீட்டில் இந்தத் தொகையை நான் சொன்னதில்லை. இதைப் படித்தால்தான் தெரியப்போகிறது.

கிளாஸிக்கில் 60-ஆவது படியோடு சரி. அதற்குமேல் பிரமோஷன் கிடையாது. ஹெட்கிளார்க்காகவே பென்ஷன் வாங்கப்போகிறவர் என்ன செய்வார்? நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்வார். அதேதான் இங்கேயும். 60-ஐத் தொட்டவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே லட்சியம் உடுப்பு. தலை, தோள், மார்பு, மணிக்கட்டு, கை, இடுப்பு, கால், பாதம் என்று எட்டு உருப்படி சேர்ந்தால் ஒரு செட். செட்டாகப் போட்டால் தீபாவளி போனஸ் மாதிரி கூடுதல் பலம் உண்டு.

வீரனுக்கான முதல் செட்டின் பெயர் 'வேலர்'. வீரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் உருப்படிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கும். தலைக்கவசம் வேண்டுமானால் 'ஸ்காலோமான்ஸ்' என்கிற பிசாசுப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து அதன் தலைமையாசிரியரை அடிக்க வேண்டும். (பழைய பள்ளி ஞாபகங்கள் உள்ளவர்கள் இதை இரண்டு மூன்று முறை செய்வார்கள்.) மார்புக் கவசம் ஒரு டிராகன் தளபதியிடம் இருக்கிறது. கால் கவசம், செத்தவர்கள் நடமாடும் ஒரு நகரத்தின் ஜமீன்தாரிடம். அடித்தால் விழும் என்றும் நிச்சயமில்லை. ஐந்து பேர் போய் ஒன்று விழுந்தால் அது யாருக்கு என்று தாயம் உருட்டுகிறார்கள். வீரத்தை முழுசாகச் சேர்க்க எனக்கு ஏழெட்டு மாசம் ஆயிற்று.

சேர்த்து முடித்து நிமிர்ந்தால், "அது பழசு. இப்போ அதைக் கொடுத்துட்டு 'ஹீரோயிஸம்' வாங்கணும்" என்றார்கள். வீரத்திலிருந்து மகா வீரத்துக்கு! இதற்குத்தான் ஒரு நீளமான வேலைத் தொடர். அசல் விளையாட்டில் 2006 மார்ச்சில் சேர்த்தது. கிளாஸிக்கில் 2020 ஜூலை 28-ஆம் தேதி, ஐந்தாம் கட்டம் என்ற பெயரில் திறந்துவிட்டார்கள்.

அந்தத் தேதி எனக்கு மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தின நாள்தான், ஜூலை 27, மத்திய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்து உத்தரவு போட்டது. அப்பா பேப்பரில் அதைச் சத்தமாக வாசித்தார். அந்த வாரியத்தால் எங்களுக்கு நேரடியாக லாபமோ நஷ்டமோ இருந்ததில்லை. ஆனாலும் இரண்டு தடவை வாசித்தார்.

நிற்க. நான் யார், எங்கே உட்கார்ந்து இதையெல்லாம் ஆடினேன் என்று சொல்லவில்லையே.

மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் பரமக்குடி என் ஊர். கமல் பிறந்த ஊர் என்று சொன்னால் சென்னையில் புருவத்தை உயர்த்துவார்கள். சேலை நெய்கிற ஊர் என்று சொன்னால், "அப்படியா" என்பதோடு சரி. இன்னும் துல்லியமாகச் சொன்னால் நான் வைகைக்கு அக்கரை, எமனேஸ்வரம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இந்தக் கட்டுரையில் அப்பா அம்மா பேசுவதெல்லாம் உங்கள் வசதிக்காக நான் செய்த தமிழ் டப்பிங்.

அப்பா நெசவாளி. குழித்தறி. பருத்திச் சேலை. நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. 2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்பும் மூன்று செட் துணியுமாக வந்து சேர்ந்தேன். வீட்டில் மேஜை போட இடமிருந்தது தறி ரூமில் மட்டும்தான். குழிக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய மேஜை. அதுதான் என் ஆபீஸ், அதுவே போர்க்களம்.

முதல் சில நாள் அப்பா தறியில் இருந்தார். நான் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் பின்னால் 'டக் டக்' என்று கேட்கும். "வீட்டுல ஏதாவது கட்டட வேலை நடக்குதா?" என்று மானேஜர் கேட்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் பாவு தீர்ந்தது. அடுத்த பாவு வரவில்லை. நூலும் வரவில்லை, வாங்க ஆளும் வரவில்லை. அப்புறம் மானேஜர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கம்பெனியிலும் அவ்வளவு சுகமில்லை. சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்தார்கள். ஜூனில் எங்கள் பிரிவில் இரண்டு பேரை ஒரே போனில் அனுப்பினார்கள். திங்கள்கிழமை காலை மீட்டிங் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்பாவும் பிள்ளையும் ஒரே ரூமில், ஆளுக்கொரு சும்மா இருக்கும் கருவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் மகா வீரம்.

சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர்களுக்கு இந்த வேலைத் தொடரை விளக்கவே வேண்டாம். வி.ஏ.ஓ. கையெழுத்து, அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் தாசில்தார். தாசில்தார் ஜமாபந்திக்குப் போயிருப்பார். இங்கே வி.ஏ.ஓ. ஸ்தானத்தில் இருப்பவள் டெலியானா என்கிற பெண்மணி. அயர்ன்ஃபோர்ஜ் என்ற மலைக்கோட்டையில், குள்ளர்களின் ராஜா தர்பாரில் ஓரமாக நிற்பாள். "உன் பழைய மணிக்கட்டுக் காப்பைக் கொடு. கூடவே 20 பொற்காசு. அப்புறம் மிருகங்களை அடித்து ரத்தமோ விஷமோ 15 மாதிரி கொண்டு வா" என்பாள். கொடுத்தால் புதுக் காப்பு. பழைய கொலுசைப் போட்டுப் புதுக் கொலுசு எடுக்கிற அதே கணக்கு. என்ன, நகைக்கடையில் பனிக்கரடி ரத்தம் கேட்கமாட்டார்கள்.

காப்பு கைக்கு வந்ததும் அவளுடைய அசல் காரியம் ஆரம்பிக்கும். பாலைவனத்தில் காட்ஜெட்ஸான் என்ற ஊரில் மக்ஸ் என்று ஒரு குட்டிப் பூதம். மெக்கானிக். ஆவிகளை வடிகட்டுகிற மெஷின் செய்துதர அவன் நீட்டும் லிஸ்ட், நாட்டு மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். எரிமலைச் சாம்பல் 25. ஒரு மீனிலிருந்து எடுக்கிற எண்ணெய் 10 சீசா. மந்திர ஸாரம் 4. ஆர்க்கனைட்டில் ஒரு நுட்பமான கருவி. கையில் ரொக்கமாக 40 பொற்காசு. எல்லாம் கொடுத்து மெஷின் தயாரானால், அதைத் தூக்கிக்கொண்டு பனிமலை, பாலைவனம், கொள்ளைநோய் பூமி என்று மூன்று திசையில் ஆவி பிடிக்கப் போக வேண்டும். அதற்குப் பிறகு மெஷினுக்கு பாட்டரி வேண்டுமாம். எரிமலைப் பக்கம் போய் நெருப்பு பூதத்திடம் பறிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்தால்தான் கையுறையும் இடுப்புக் கச்சையும்.

இதைக் கேலி செய்யாத பழைய ஆட்டக்காரனே கிடையாது. 40 பேர் சேர்ந்து போகிற பெரிய படையெடுப்புகளில் இதைவிட நல்ல உடுப்புகள் அப்போது ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தன. "முடிக்கறதுக்குள்ள பழசாயிடும், எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் படையெடுப்புக்கு வாரத்தில் குறிப்பிட்ட ராத்திரிகள், குறிப்பிட்ட மணிக்கு ஆஜர் ஆக வேண்டும். டிராகன் செத்தால் 40 பேருக்கு நடுவில் இரண்டு மூன்று உருப்படி விழும். அது லாட்டரி. டெலியானாவினுடையது கூலி. இத்தனை சாம்பல் கொண்டு வா, இன்னது தருகிறேன் என்றால் தருகிறாள். கொண்டு போய்க் கொடுத்த பிறகு, "மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, முப்பது சதவீதம் பிடித்தம்" என்று சொல்வதில்லை. அந்த 2020-இல் நான் வேலை செய்துகொடுத்த இடங்களில் பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

இனி கூட்டாளிகள். நான் இருந்தது ஆஸ்திரேலிய சர்வர். சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். வாரநாளில் அவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம் எனக்கு ஆபீஸ். எனவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் தமிழ்நாடு பூராவும் தளர்வில்லாத முழு ஊரடங்கு இருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். கறிக்கடை கூடக் கிடையாது. சாவகாசமாக ஆடலாம்.

நான் வீரன். அதாவது முன்னால் நின்று அடி வாங்குகிறவன். என்னைச் சாகவிடாமல் பின்னாலிருந்து வைத்தியம் பார்த்தது சிட்னியில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. தொழிலிலும் அதே வேலை, விளையாட்டிலும் அதே வேலை! "டியூட்டியில செய்யிறது காணாதோ அக்கா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "அங்க நான் என்ன செய்தாலும் சில பேர் போயிடுவினம் தம்பி. இங்க திருப்பி எழுப்பலாம்" என்றார். கொரோனா காலத்தில் முதியோர் இல்லத்து நர்ஸ் சொன்ன பதில். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கிளறவில்லை.

மந்திரவாதி சிங்கப்பூர்த் தம்பி. வேடன், பிரிஸ்பேனில் இருக்கும் பாலக்காட்டுக்காரர். கூடவே ஒரு காட்டுப் பன்றி வளர்த்தார். (விளையாட்டில்.) திருடன், நியூஸிலாந்தில் லாரி ஓட்டும் ஒரு வெள்ளைக்காரர். எங்கள் மூன்று தினுசுத் தமிழையும் ஒரு மலையாளத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நடுநடுவே "ஓகே" என்பார். எது ஓகே என்று அவருக்கும் தெரியாது.

தொடரின் உச்சகட்டம் ஸ்ட்ராத்ஹோம். நான் முன்னே சொன்ன, செத்தவர்கள் நடமாடும் நகரம். அதற்கு வெளியே ஆன்தியன் என்று ஓர் ஆவி நின்றுகொண்டிருப்பான். அவன் மனைவி இஸிடா, உள்ளே ஜமீன்தார் ரிவென்டேரிடம் சிறையிலிருக்கிறாள். நாம் நகரத்துக்குள் காலை வைத்ததும் கெடு ஆரம்பம். 45 நிமிஷம். அதற்குள் ஜமீன்தாரைத் தீர்த்தால் அவள் பிழைப்பாள். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அவளைக் கொன்றுவிடுவான். மறுபடி முதலிலிருந்து. மூன்று கோபுரங்களில் மூன்று காவல் பூதங்களை முடிக்க வேண்டும். கசாப்புக் கூடத்தில் தையல் போட்ட ராட்சசக் கூட்டம். அப்புறம் ராம்ஸ்டீன் என்ற பெருந்தீனிக்காரன். எலும்புக்கூட்டுப் படை, கறுப்புக் காவலர்கள், கடைசியாக ஜமீன்தார். நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரச் சமாசாரம்.

முதல் ஞாயிறு ராம்ஸ்டீனிடம் நின்றபோதே கெடு முடிந்தது. இஸிடா போய்விட்டாள். நியூஸிலாந்துக்காரர் முதன்முறையாக "ஓகே" சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மறுபடி கிளம்பினோம். அப்பா அன்றைக்கு என் பின்னால் தறியின் உட்காரும் பலகையில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் ஒரு புரோக்கர் வந்து தறியின் மரச் சட்டங்களுக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் பிரித்துக் கொடுத்தாயிற்று. "குழியை மண்ணைப் போட்டு மூடிட்டா உனக்கும் ரூம் விசாலமா இருக்கும்" என்று என்னைக் காரணம் காட்டிப் பேசினார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலுக்காகச் சொல்லவில்லை.

"என்னடா அவசரம்? ஏன் இப்படி ஓடறீங்க?" என்றார்.

"45 நிமிஷம்ப்பா. அதுக்குள்ள ஒரு பொண்ணைக் காப்பாத்தணும்."

அவர் சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், நேரக் கணக்கு அவர் கைக்குப் போய்விட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு கோபுரம் என்று அவரே பிரித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பாவில் எத்தனை சேலை, நாளைக்கு எத்தனை முழம் என்றே வாழ்ந்தவர். "பதினெட்டு ஆச்சு. ரெண்டாவது முடிஞ்சுதா இல்லியா?" என்றார். மேஸ்திரி குரல்.

இருபத்தாறாவது நிமிஷம், மூன்றாவது கோபுரத்து வாசலில், கரண்ட் போயிற்று.

லேப்டாப்பில் பாட்டரி இருந்தது. மோடத்துக்கு ஏது? திரையில் எல்லாரும் சிலையாக நின்றார்கள். போனிலிருந்து நெட்டை எடுக்கலாம். ஆனால் தறி ரூமில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம். அப்பா போனை வாங்கினார். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். மறுபடி உள்ளே நுழைய எனக்கு மூன்று நான்கு நிமிஷம். அவ்வளவு நேரமும் அங்கே முன்னால் நின்று அடி வாங்கியது பாலக்காட்டுக்காரரின் காட்டுப் பன்றி! அக்கா அந்தப் பன்றிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வந்து சேர்ந்ததும் காதில் கேட்ட முதல் வார்த்தை: "தம்பி, வந்திட்டீரோ? இந்தப் பன்றி உம்மைவிட நல்லா அடி வாங்குது!"

"முப்பத்து மூணு!" என்றார் அப்பா ஜன்னலிலிருந்து. கை வெளியே, கண் கடிகாரத்தில்.

போன் நெட்டில் நான் ஒன்று செய்தால் அது நடக்க அரை செகண்டு ஆயிற்று. கத்தியை ஓங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஜமீன்தார், திரும்பிப் போனால் அவளை விட்டுவிடுகிறேன் என்று கத்தினான். அஞ்சு நிமிஷம் பாக்கியிலும் கத்தினான். தெருவில் போன ஒருத்தர், "என்னங்க, கையில் ஏதாவது அடிபட்டுதா? இப்படி நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்று அப்பாவிடம் விசாரித்தார். "பேசாமப் போய்யா, நாப்பது ஆயிடுச்சு" என்றார் அப்பா. அவருக்கு என்ன புரிந்ததோ, மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஜமீன்தார் விழுந்தபோது, "நாப்பத்து மூணேகால்" என்று அறிவித்துவிட்டு அப்பா கையை உள்ளே எடுத்தார். உதறிக்கொண்டே வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"வெளியே வந்துட்டாங்கப்பா. அதோ நிக்கறாங்க."

"புருஷன்?"

"அவரு ஆவிப்பா. ஏற்கெனவே செத்துட்டாரு."

"செத்த பிறகும் பொண்டாட்டிக்காக ஆளனுப்பி அலையறான் பாரு" என்று அடுக்களை வாசலிலிருந்து சொன்ன அம்மா, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கரண்ட் அதற்கப்புறம்தான் வந்தது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்தியன் விடமாட்டான். தன் பழைய சிநேகிதன் ஒருவனிடம் அனுப்புவான். அவன் ராட்சசர்கள் கழுத்து மணி 25 கேட்பான். மந்திரச் சில்லுகள் கேட்பான். கடைசியில் நிலத்தடி மல்யுத்த மைதானத்தில் கொடி நட்டு, தெல்ட்ரன் என்ற ரௌடியையும் அவன் கோஷ்டியையும் சவாலுக்கு இழுக்க வேண்டும். அது ஜெயித்தால் தோள், கால், பாதம் மூன்றும் மாறும்.

அந்தச் சவாலுக்கு அக்டோபரில் ஒரு ஞாயிறு குறித்திருந்தோம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பாவு வந்தது. தீபாவளி அந்த வருஷம் நவம்பர் 14. கடைசி நேரத்தில் யாருக்கோ சேலை தேவைப்பட்டிருக்கிறது. புரோக்கரிடம் அப்பா அதுவரை பிடிகொடுக்காமலே இருந்தார். "யோசிச்சு சொல்றேன்" என்பதை இரண்டு மாசம் இழுத்திருந்தார்.

புதுப் பாவு வந்தால் தறியில் மிச்சமிருக்கும் பழைய நூல் நுனிகளோடு புது நூலை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஒரு முறுக்கு, அடுத்தது, ஒரு முறுக்கு, அடுத்தது. ஒன்றை விட்டாலும் சேலையில் கோடு விழும். அதற்கென்று வருகிற ஆட்கள் அந்த வருஷம் வேறு வேலைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும். நான் சிட்னிக்குச் செய்தி அனுப்பினேன்: நாளைக்கு வரமுடியாது, பாவு பிணைக்கணும்.

"பாவு எண்டால் என்ன தம்பி?" என்று அக்கா கேட்டார். அரை மணி நேரம் டைப் அடித்து விளக்கினேன். தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பற்றியும் சொன்னேன். 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்டு என்ற மனுஷர் கண்டுபிடித்தது. ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துவிட்டால், ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குச் சொன்னார்களே, அதற்கு யோசனை இங்கிருந்து போனதுதான். ஆக எனக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது என் லேப்டாப்பின் கொள்ளுத்தாத்தா. "அப்ப அப்பாதான் ஒரிஜினல் கேமர்" என்றார் சிங்கப்பூர்த் தம்பி. சவாலை எனக்காக இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். நாலு பேரும் வேறு ஆளைப் பிடித்துப் போயிருக்கலாம். முன்னால் நின்று அடி வாங்குகிறவர்களுக்கு எப்போதும் கிராக்கி இருந்தாலும், தேடினால் கிடைக்காமலா போவார்கள்?

அப்பாவுக்கு எதிரே இரண்டு நாள் உட்கார்ந்தேன். என் விரலுக்கு அந்த முறுக்கு படிய முதல் நாள் பூரா ஆயிற்று. அவர் நாலு பிணைக்கும் நேரத்தில் நான் ஒன்று. "எரிமலைச் சாம்பல் 25 கொண்டாந்தவனுக்கு இது வரலியே" என்று கிண்டல் பண்ணினார். லிஸ்ட் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

டிசம்பரில் கடைசி வேலை. லார்டு வால்தலக் என்ற கிழட்டு ஆவி. பத்து பேர். இரண்டு முறை எங்களைத் துவைத்துப் போட்டுவிட்டு மூன்றாவது முறை விழுந்தான். 'சேவிங் தி பெஸ்ட் ஃபார் லாஸ்ட்' என்பதுதான் கடைசிக் கட்டத்தின் பெயர். டெலியானாவிடம் பழைய தலைக்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் கொடுத்தேன். புதுசு இரண்டும் ஊதா நிறத்தில் பெயரோடு வந்தன. அந்த உலகத்தில் பச்சை சுமார், நீலம் நல்லது, ஊதா உசத்தி. எட்டையும் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் கால் மணி நேரம் சும்மா நின்றேன். ஓர் ஆள் வந்து குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். தெரியாத ஆள்.

2021 ஜூன் முதல் வாரத்தில் விளையாட்டின் அடுத்த பாகத்தைத் திறந்தார்கள். படி 70 ஆயிற்று. புதுப் பூமியில் இறங்கினவுடனே, பன்றி அடி, எலும்பு பொறுக்கு என்று சில்லறை வேலைகள். அதற்குக் கூலியாகக் கிடைத்த பச்சை நிறச் சட்டையே என் மார்புக் கவசத்துக்கு மேலாக இருந்தது. பச்சை! ஒரு வாரத்தில் எட்டு உருப்படியும் கழற்றியாயிற்று. கடையில் விற்றால் சில பொற்காசுகள்தான். விற்கவில்லை. பெட்டகத்தில் வைத்தேன். விளையாட்டிலும் பேங்க் உண்டு.

2022-இல் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது, சென்னைக்கு வந்துவிட்டேன். குழி மூடப்படவில்லை. வருஷத்தில் சில மாசம் பாவு வருகிறது, சில மாசம் வருவதில்லை. மேஜை அங்கேயே இருக்கிறது. அதன்மேல் இப்போது தார் சுற்றுகிற சாமான்கள்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பா கேட்டார்: "அந்தக் கவசம் என்ன பண்ணினே?"

"பேங்க்ல வெச்சிருக்கேம்ப்பா. இப்போ அதுக்கு மதிப்பில்லை."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு வருஷமா."

"அப்படியே வெச்சிருக்காதே" என்றார் அப்பா. "மடிச்ச மடிப்பிலேயே கிடந்தா அந்த இடத்துல நைஞ்சு கிழிஞ்சுடும். அப்பப்போ பிரிச்சு, மடிப்பை மாத்தி மடிச்சு வை."

அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, எட்டையும் எடுத்து ஒரு தரம் போட்டுவிட்டு, இடம் மாற்றி வைத்தேன்.